சக்கரம் முதலில், பிரேக் அப்புறம்: சைக்கிள் உரசல், ஆட்டம், பிரேக் கோளாறுகளை நாமே சரிசெய்வது எப்படி?

சைக்கிளில் போகும்போது 'சர்ர்... சர்ர்...' என்று ஒரு சத்தம். இறங்கிக் குனிந்து பார்த்தால் பிரேக் கட்டை ரிம்மில் உரசுகிறது. உடனே கை எங்கே போகும்? பிரேக் ஒயரைத் தளர்த்தத்தான் போகும். நானும் சைக்கிள் வேலை பழகிய புதிதில் அதைத்தான் செய்தேன். தளர்த்தினேன், சத்தம் நின்றது. நான்கைந்து நாள் கழித்து ஓர் இறக்கத்தில் பிரேக்கை இழுத்தபோது லீவர் ஹேண்டில்பார்வரை வந்து முட்டியது, வண்டி நிற்கவில்லை. செருப்புக் காலைத் தரையில் தேய்த்துத்தான் நிறுத்தினேன். அன்று வீட்டுக்கு வந்து பொறுமையாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது: பிரேக்கில் ஒரு குறையும் இல்லை. பின்சக்கரத்தில் இரண்டு ஸ்போக்குகள் தொய்ந்து, ரிம் கோட்டமாகியிருந்தது. கோணலான சக்கரத்துக்கு இடம் விடுவதற்காக, சரியாக இருந்த பிரேக்கை நான் கெடுத்திருக்கிறேன்.

அதனால் இந்த வழிகாட்டி ஒரு வரிசைப்படி போகிறது. அச்சு, ஹப் (அச்சைச் சுற்றி, சக்கரத்தின் நடுவில் இருக்கும் குடம்), டயர், ரிம், கடைசியாக பிரேக். ஒவ்வொன்றும் தனக்கு முந்தையதைச் சார்ந்திருக்கிறது. அச்சு சரியாக உட்காராத சக்கரத்தில் ரிம்மை நிமிர்த்த முடியாது, கோட்டமான ரிம்மில் பிரேக்கை நடுவில் நிறுத்த முடியாது. அவசரத்தில் ஒரு படியைத் தாண்டினால் திரும்ப அங்கேயே வந்து நிற்க வேண்டியிருக்கும்.

சத்தத்தை வைத்தே பாதி கண்டுபிடிக்கலாம்

கருவியைத் தொடும் முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக் கையால் சுழற்றுங்கள். ஒரு சுற்றுக்கு ஒருமுறை மட்டும் உரசினால், ரிம்மிலோ டிஸ்க் பிரேக்கின் தட்டிலோ டயரிலோ ஓர் இடத்தில் கோட்டம் இருக்கிறது. விடாமல் ஒரே சீராக உரசினால், சக்கரமோ பிரேக்கோ ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறது. கையால் சுழற்றும்போது சத்தமே இல்லை, எழுந்து நின்று அழுத்தி மிதித்தால் மட்டும் வருகிறது என்றால், அச்சு தளர்ந்திருக்கலாம், ஹப்பில் ஆட்டம் இருக்கலாம், ஸ்போக்குகள் மொத்தமாகவே தொய்ந்திருக்கலாம்.

சக்கரத்தைச் சுற்றவிட்டுப் பார்க்கும்போது வெறும் கண்ணை நம்ப வேண்டாம். ஃபோர்க்கிலோ (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) பின்கம்பியிலோ ஒரு பேனாவை ரப்பர் பேண்டால் கட்டி, அதன் நுனி ரிம்மின் பக்கவாட்டைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வையுங்கள். ரிம் எந்த இடத்தில் நெருங்குகிறது, எங்கே விலகுகிறது என்பது மிகத் தெளிவாகத் தெரியும். இதே பேனா பின்னால் கோட்டம் எடுக்கவும் உதவும்.

அச்சு சரியாக உட்கார்ந்திருக்கிறதா?

பஞ்சர் ஒட்டிச் சக்கரத்தைத் திரும்ப மாட்டிய பிறகு உரச ஆரம்பித்தால், பத்தில் ஒன்பது தடவை காரணம் இதுதான் என்பேன். சக்கரம், அச்சு உட்காரும் பள்ளத்தில் முழுதாக இறங்காமல் சாய்வாக நிற்கும். வண்டியை நேராகத் தரையில் நிறுத்துங்கள், தலைகீழாக வேண்டாம். அச்சின் இரண்டு பக்க நட்டுகளையும் தளர்த்தி, முன்சக்கரமானால் ஹேண்டில்பாரை மேலிருந்து அழுத்துங்கள். வண்டியின் எடையே அச்சைப் பள்ளத்தின் ஆழம்வரை தள்ளிவிடும். பிறகு இரண்டு பக்கமும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடுக்கிவிட்டு மறுபக்கம் போனால் சக்கரம் திரும்பவும் சாய்ந்துவிடும்.

பின்சக்கரத்தில் பள்ளம் கிடைமட்டமாக இருக்கும் வண்டிகளில் செயின் இழுவையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து, செயின் நடுவில் விரலால் தூக்கினால் ஏறக்குறைய 1 செ.மீ. மேலும் கீழும் அசையும்படி வையுங்கள். சக்கரம் இரண்டு பக்கக் கம்பிகளுக்கும் சம தூரத்தில் நிற்கிறதா என்று பார்த்து முடுக்குங்கள்.

நட்டுக்குப் பதில் நெம்பை மடக்கிப் பூட்டும் குயிக் ரிலீஸ் இருக்கும் சக்கரங்களில் புதியவர்கள் அடிக்கடி செய்யும் ஒரு தவறு உண்டு. அந்த நெம்பை நட்டு மாதிரி சுற்றிச் சுற்றி இறுக்குவார்கள். அது சுற்றுவதற்கு அல்ல, மடக்குவதற்கு. மறுபக்கத்து நட்டைக் கையால் திருகி அளவு வைத்துக்கொண்டு, நெம்பை மடக்குங்கள். பாதி தூரம் வரும்போது, அதாவது நெம்பு அச்சுக்கு நேர்கோட்டில் நிற்கும்போது, எதிர்ப்பு தொடங்க வேண்டும். முழுதாக மடக்கி முடித்ததும் உள்ளங்கையில் அதன் தடம் பதிந்திருக்க வேண்டும். அவ்வளவு இறுக்கம் தேவை. எளிதாக மடங்கினால் அது பிடிக்கவில்லை என்று பொருள். முன்சக்கரம் கழன்றால் என்ன ஆகும் என்பதை நினைத்து இதை ஒவ்வொரு முறையும் சரிபாருங்கள்.

ஹப்பில் ஆட்டம்

ரிம்மின் மேல்பகுதியைப் பிடித்துப் பக்கவாட்டில், இடமும் வலமுமாக அசைத்துப் பாருங்கள். 'டக் டக்' என்று கையில் உணர்ந்தால் ஹப்புக்குள் குண்டுகளைத் தாங்கும் கோன் தளர்ந்திருக்கிறது. முன்சக்கரத்தில் இந்த ஆட்டம் ஹேண்டில்பார் குழாயின் பேரிங்கிலிருந்தும் வரலாம். அதைப் பிரித்தறிய, முன்பிரேக்கை இறுகப் பிடித்துக்கொண்டு, ஹேண்டில்பாருக்குக் கீழே ஃபோர்க்கும் ஃபிரேமும் சேரும் இடத்தில் ஒரு விரலை வைத்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். விரலுக்கடியில் அசைவு தெரிந்தால் கோளாறு அங்கே.

ஹப்பில் இருந்தால், அச்சில் உள்பக்கம் கோனும், அதன்மேல் வெளிப்பக்கம் பூட்டு நட்டும் இருக்கும். கோனைப் பிடிக்க மெல்லிய ஸ்பேனர் வேண்டும், சாதாரண ஸ்பேனர் அந்த இடுக்கில் நுழையாது. பல ஹப்புகளில் கோன் 13 முதல் 15 மி.மீ. அளவில் இருக்கும். பூட்டு நட்டைத் தளர்த்தி, கோனைக் கால்சுற்றுக்கும் குறைவாகத் திருகி, கோன் நகராமல் மெல்லிய ஸ்பேனரால் பிடித்தபடி பூட்டு நட்டை அதன்மேல் இறுக்குங்கள். இறுக்கும்போது கோனும் சற்றுக் கூடவே நகரும். அதனால் முதல் முயற்சியிலேயே சரியாக அமையாது. மூன்று நான்கு தடவை செய்ய வேண்டிவரும், அது வழக்கம்தான்.

எவ்வளவு இறுக்கம்? பக்கவாட்டு ஆட்டம் இருக்கக்கூடாது, ஆனால் சக்கரம் தடையின்றிச் சுற்ற வேண்டும். சக்கரத்தைத் தூக்கிச் சும்மா விட்டால், வால்வு இருக்கும் இடம் தன் எடையாலேயே மெல்லக் கீழே வந்து நிற்பது நல்ல அறிகுறி. குயிக் ரிலீஸ் ஹப்பானால், மாட்டாதபோது மயிரிழை ஆட்டம் விட்டு வையுங்கள். மடக்கி இறுக்கும்போது அச்சு சற்று அமுங்கி அந்த ஆட்டம் போய்விடும். சுற்றும்போது மணல் அரைப்பது போலக் கரகரத்தால் குண்டும் கோனும் தேய்ந்துவிட்டன, கழற்றித் துடைத்து, புதுக் குண்டும் கிரீஸும் போட வேண்டும். சில ஹப்புகளில் குண்டுகள் தனித்தனியாக இல்லாமல் மூடிய பேரிங்காக இருக்கும். அவற்றில் ஆட்டம் வந்தால் பெரும்பாலும் பேரிங்கையே மாற்ற வேண்டும்.

ரிம்மா, டயரா?

சக்கரம் சுற்றும்போது மேலும் கீழும் துள்ளினால் ரிம்மைக் குறை சொல்லும் முன் டயரைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில், ரிம்முக்குச் சற்று மேலே, ஒரு மெல்லிய கோடு சுற்றிலும் ஓடும். அது ரிம்மிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஓரிடத்தில் உள்ளே அமிழ்ந்திருந்தால் டயர் அங்கே சரியாக உட்காரவில்லை. காற்றை இறக்கி, ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, கையால் பிசைந்து உட்காரவைத்து மறுபடி காற்றடியுங்கள். டயரில் ஓரிடம் கட்டி போல வீங்கியிருந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது. அந்த டயரில் இனி ஓட்ட வேண்டாம்.

பஞ்சர் பற்றி ஒன்று மட்டும். ஓட்டை எங்கே இருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். டயர் பக்கம் ஓட்டையானால் முள்ளோ கண்ணாடியோ. அது இன்னும் டயரில் குத்தியபடியே இருக்கும், உள்பக்கம் துணியால் தடவி எடுத்துவிடுங்கள். அருகருகே இரண்டு ஓட்டைகள் என்றால் காற்று குறைவாக வைத்து மேட்டில் ஏற்றியிருக்கிறீர்கள், ட்யூப் ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் நசுங்கியிருக்கிறது. ஸ்போக் பக்கம் ஓட்டையானால் ஸ்போக் துளைகளை மூடும் ரிம் டேப் விலகி, நிப்பிள் (ஸ்போக்கை ரிம்மில் பிடிக்கும் சின்ன நட்டு) தலையோ ஸ்போக் நுனியோ ட்யூபைக் குத்துகிறது. இந்த மூன்றாவதைக் கவனிக்காமல் ஒட்டிக்கொண்டே இருந்தால் வாரம் ஒரு பஞ்சர் வரும்.

கோட்டம் எடுப்பது

பலரும் பயப்படும் வேலை இது. எனக்குப் பிடித்த வேலையும் இதுதான். மந்திரம் ஒன்றுமில்லை, ஒரு சின்ன விஷயம் மனதில் தெளிவாகப் பதிந்துவிட்டால் போதும்.

சைக்கிள் சக்கரத்தில் ஸ்போக்குகள் தூண் மாதிரி ரிம்மைத் தாங்கி நிற்பதாகத் தோன்றும். உண்மையில் அவை கயிறு மாதிரி வேலை செய்கின்றன. ஒவ்வொன்றும் ரிம்மைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறது. ஹப்பின் வலப்பக்கத் தட்டிலிருந்து வரும் ஸ்போக் ரிம்மை வலப்பக்கம் இழுக்கும், இடப்பக்கத் தட்டிலிருந்து வருவது இடப்பக்கம் இழுக்கும். இரண்டு பக்கமும் இழுவை சமமாக ஈடுகட்டப்பட்டிருக்கும்வரை ரிம் நடுவில் ஓடும். ஓரிடத்தில் ஒன்று தொய்ந்தால் அங்கே எதிர்ப்பக்கம் ஜெயித்துவிடுகிறது. ஸ்போக்குகளை ஹப்பிலிருந்து சாய்வாக, ஒன்றையொன்று குறுக்கே தாண்டும்படி கோர்க்கும் முறைக்கு இங்கிலாந்தின் சைக்கிள் தயாரிப்பாளர் ஜேம்ஸ் ஸ்டார்லி 1874-இல் காப்புரிமை பெற்றார். இன்றும் பெரும்பாலான சக்கரங்கள் அந்த அமைப்பில்தான் இருக்கின்றன.

வேண்டியது ஒரே ஒரு கருவி, நிப்பிள் திருகும் ஸ்போக் கீ. அளவு பார்த்து வாங்குங்கள். 3.2, 3.3, 3.5 மி.மீ. எனப் பல அளவுகள் உண்டு. நிப்பிளில் நுழையும் மிகச் சிறிய அளவுதான் சரியானது. லூசான கீயைப் போட்டால் நிப்பிளின் மூலைகள் மழுங்கிவிடும், பிறகு எதைக் கொண்டும் திருக முடியாது. கட்டிங் பிளேயரால் திருகுவது இன்னும் மோசம்.

எந்தப் பக்கம் திருகினால் இறுகும் என்பதில்தான் எல்லாருக்கும் குழப்பம் வரும். டயர் பக்கமிருந்து ஹப்பை நோக்கிப் பார்த்தால் நிப்பிளும் சாதாரணத் திருகாணி போலத்தான்: கடிகார முள் திசையில் திருகினால் இறுகும். ஆனால் நாம் பெரும்பாலும் ஹப் பக்கமிருந்து நிப்பிளைப் பார்த்தபடி திருகுகிறோம், அப்போது திசை தலைகீழாகிவிடும். அதனால் எப்போதும் டயர் மேலிருந்து பார்ப்பதாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் பழகும்போது ரிம்மில் சாக்பீஸால் ஓர் அம்புக்குறி போட்டு வைத்துக்கொள்வேன்.

இப்போது வேலை. திருகும் முன் ஸ்போக்குகளை ஒரு சுற்று விரலால் மீட்டிப் பாருங்கள். ஒரே பக்கத்து ஸ்போக்குகள் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். நடுவில் ஒன்று 'டொப்' என்று மந்தமாக ஒலித்தால் கோட்டத்துக்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். பின்சக்கரத்தில் பற்சக்கரம் இருக்கும் வலப்பக்கத்து ஸ்போக்குகள் இடப்பக்கத்தைவிட அதிக இறுக்கமாக இருப்பது இயல்பு. அதைச் சமப்படுத்தப் போய்விடாதீர்கள், ரிம் நடுவைவிட்டு விலகிவிடும். டிஸ்க் பிரேக் உள்ள முன்சக்கரத்திலும் டிஸ்க் இருக்கும் பக்கம் இறுக்கம் கூடுதலாக இருக்கும்.

பேனா நுனியை வைத்து மிகப் பெரிய கோட்டத்தைக் கண்டுபிடியுங்கள். ரிம் இடப்பக்கம் வளைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வளைவின் நடுவில் இருக்கும் வலப்பக்க ஸ்போக்கைக் கால்சுற்று இறுக்குங்கள். அதன் இரு பக்கமும் இருக்கும் இடப்பக்க ஸ்போக்குகளை அரைக்கால் சுற்று தளர்த்துங்கள். ஒரு பக்கம் இறுக்கியதற்கு ஈடாக மறுபக்கம் தளர்த்துவதால் ரிம் வட்டம் கெடாது. வெறுமனே இறுக்கிக்கொண்டே போனால் ரிம் அந்த இடத்தில் உள்ளே இழுபட்டு, பக்கவாட்டுக் கோட்டம் போய் மேடுபள்ளம் வந்துவிடும். ஆனால் மீட்டிப் பார்த்தபோது ஒரு ஸ்போக் தெளிவாகத் தொய்ந்திருந்தால் அதை மட்டும் இறுக்கினால் போதும், அண்டை ஸ்போக்குகளைத் தொட வேண்டாம்.

சுற்றிப் பாருங்கள். குறைந்திருக்கும், முழுதாகப் போயிருக்காது. மறுபடி மிகப் பெரிய கோட்டத்தைத் தேடுங்கள். அது இப்போது வேறு இடத்தில்கூட இருக்கலாம். கால்சுற்று, சுற்றிப் பார்ப்பது, மறுபடி கால்சுற்று. இந்தத் தாளத்தை விடாதீர்கள். முழுச்சுற்றாகத் திருகுகிறவர்கள்தான் சக்கரத்தை எட்டு போல வளைத்துக்கொண்டு கடைக்குப் போகிறார்கள். நிப்பிள் திரும்ப மறுத்தால் பலம் போடாமல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு சில நிமிடம் காத்திருங்கள். ரிம் பிரேக் வண்டியானால் (கட்டை ரிம்மை அழுத்தும் வகை), வழிந்த எண்ணெயை ரிம்மிலிருந்து துடைத்துவிடுங்கள்.

எதுவரை? பக்கவாட்டு ஆட்டம் 1 மி.மீ.க்குள் வந்தால் ரிம் பிரேக் வண்டிக்குத் தாராளமாகப் போதும். அரை மி.மீ. வந்தால் அருமை. அதற்கும் மேலே துல்லியம் தேடி, நன்றாக இருந்ததைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

முடித்ததும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஒரே பக்கத்தில் இணையாக ஓடும் ஸ்போக்குகளை இரண்டிரண்டாகக் கையால் சேர்த்து அழுத்துங்கள், சக்கரம் முழுக்க. திருகும்போது முறுக்கிக்கொண்ட ஸ்போக்குகள் 'டிக்' என்று விடுபடும் சத்தம் கேட்கும். இதைச் செய்யாவிட்டால் ஓட்டத் தொடங்கியதும் அந்த முறுக்கு விடுபட்டு, கோட்டம் கொஞ்சம் திரும்ப வந்துவிடும்.

எல்லாக் கோட்டமும் ஸ்போக்கால் தீராது. பள்ளத்தில் மோதி ரிம்மே மடங்கியிருந்தால், அதை நேராக்க ஒரு பக்க ஸ்போக்குகள் கம்பி அறுகிற அளவுக்கு இறுக வேண்டியிருக்கும், எதிர்ப்பக்கம் தொளதொளவென்று தொங்கும். அந்த நிலை வந்தால் நிறுத்திவிடுங்கள், ரிம்மை மாற்ற வேண்டும். நிப்பிள் துளையைச் சுற்றி விரிசல் தெரிந்தாலும் அப்படியே. ரிம் பிரேக் வண்டியில் இன்னொன்றையும் பாருங்கள்: கட்டை தேய்க்கும் பக்கச்சுவர் குழிந்துபோயிருக்கிறதா? ஒரு நேரான ஸ்கேலை அதன்மேல் வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரியும். சில ரிம்களில் தேய்மானம் காட்டவே ஒரு சின்னக் குழியோ கோடோ இருக்கும், அது மறைந்துவிட்டால் ரிம் ஆயுள் முடிந்தது. மெலிந்த பக்கச்சுவர் காற்றழுத்தம் தாங்காமல் ஓடும்போதே பிளந்துவிடும்.

வழியில் ஸ்போக் அறுந்தால்? பெரும்பாலும் ஹப்பில் வளைந்து நுழையும் கழுத்தில்தான் அறும். அறுந்ததை அண்டை ஸ்போக்கில் சுற்றிவிடுங்கள், சக்கரத்துக்குள் சிக்காது. அறுந்தது வலப்பக்கம் என்றால் ரிம் இடப்பக்கம் ஓடியிருக்கும். அதற்கு இரு பக்கமும் உள்ள இடப்பக்க ஸ்போக்குகளை அரைச்சுற்று தளர்த்தினால் வீடு போய்ச் சேரலாம். அடுத்தடுத்து அறுந்துகொண்டே இருந்தால் அந்தச் சக்கரம் மொத்தமாகவே தொய்வாக ஓடியிருக்கிறது என்று பொருள். தொய்ந்த ஸ்போக் ஒவ்வொரு சுற்றிலும் தளர்ந்து இறுகி, கம்பி களைத்து அறுகிறது.

இப்போது பிரேக்: கட்டையில் தொடங்குங்கள்

சக்கரம் நேரானதும் பாதி பிரேக் புகார்கள் தானாகவே காணாமல் போயிருக்கும். மிச்சத்தைப் பார்ப்போம்.

முதலில் கட்டையின் தேய்மானம். பெரும்பாலான கட்டைகளில் குறுக்கே பள்ளங்கள் வெட்டியிருக்கும். பள்ளம் மறைந்துவிட்டால் கட்டையை மாற்றுங்கள். ஒயரை இறுக்கி ஈடுகட்டப் பார்க்க வேண்டாம். ரப்பர் தீர்ந்து உள்ளிருக்கும் இரும்பு ரிம்மில் உரச ஆரம்பித்தால், கட்டையோடு ரிம்மும் போய்விடும்.

அடுத்து, கட்டை ரிம்மில் எங்கே படுகிறது? லீவரை மெல்ல இழுத்துப் பிடித்துப் பாருங்கள். கட்டை முழுவதும் ரிம்மின் பக்கச்சுவரில் படிய வேண்டும், மேல் விளிம்புக்கு ஏறக்குறைய 1 மி.மீ. கீழே. மேலே ஏறி டயரில் பட்டால் சில நாட்களிலேயே டயரின் பக்கவாட்டை அறுத்துவிடும். டயர் திடீரென்று வெடிக்க இது ஒரு முக்கியக் காரணம். கீழே தொங்கினால் படாத பகுதி உதடு போலத் தேயாமல் நின்று, ஒருநாள் ரிம்முக்குக் கீழே மாட்டிக்கொள்ளும்.

கட்டையின் நட்டைத் தளர்த்தி இடம் மாற்றும்போதே கீச்சுச் சத்தத்துக்கும் மருந்து போட்டுவிடலாம். கட்டையின் முன்முனை, அதாவது வண்டி போகும் திசையில் இருக்கும் முனை, பின்முனையைவிட அரை முதல் 1 மி.மீ. முன்னதாக ரிம்மைத் தொட வேண்டும். இதற்கு எளிய வழி: கட்டையின் பின்முனைக்கும் ரிம்முக்கும் நடுவில் மடித்த அட்டைத் துண்டு ஒன்றை வைத்து, லீவரை இழுத்துப் பிடித்தபடி நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது கட்டை கூடவே சுழலப் பார்க்கும், மறுகையால் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு அட்டையை எடுத்துவிடுங்கள்.

கட்டையின் முகம் கண்ணாடி போலப் பளபளத்தால் சொரசொரப்பான உப்புத்தாளில் நான்கு தேய்ப்பு. அதில் புதைந்திருக்கும் அலுமினியத் துகள்களை ஊசியால் நெம்பி எடுங்கள். கரகர சத்தத்துக்கும் ரிம் கோடு கோடாகக் கீறுவதற்கும் காரணம் அவைதான். ரிம்மைப் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவி, சுத்தமான துணியால் துடையுங்கள். செயினுக்கு எண்ணெய் ஸ்பிரே அடிக்கும் பழக்கம் உள்ளவர்கள் அந்தச் சாரல் எங்கே படிகிறது என்று கொஞ்சம் யோசியுங்கள்.

ஒரு பக்கக் கட்டை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால்

சக்கரத்தின் இரு பக்கமும் தனித்தனிக் கைகளாக நிற்கும் வி-பிரேக்கில் ஒவ்வொரு கையின் அடியிலும் ஒரு சின்னத் திருகாணி இருக்கும். எந்தக் கை ரிம்மை ஒட்டியிருக்கிறதோ அந்தப் பக்கத் திருகாணியை வலப்புறம் கால்சுற்று திருகுங்கள். ஸ்பிரிங் இறுகி, அந்தக் கை விலகும். லீவரை இரண்டு மூன்று முறை இழுத்து விட்டுப் பார்த்துத்தான் அடுத்த கால்சுற்று. நடுவில் ஒரே போல்ட்டில் தொங்கும் காலிப்பர் பிரேக்கானால், பின்பக்க நட்டைச் சற்றுத் தளர்த்தி, மொத்தப் பிரேக்கையும் கையால் நடுவுக்குத் திருப்பி இறுக்குங்கள். சிலவற்றில் இதற்கென்றே மேலே ஒரு திருகாணி இருக்கும்.

லீவரும் ஒயரும்

லீவரைப் பாதி தூரம் இழுக்கும்போதே கட்டை அழுத்தமாகப் பிடித்திருக்க வேண்டும். முழுபலம் போட்டாலும் லீவர் ஹேண்டில்பாரைத் தொடக்கூடாது. தொட்டால், கட்டை தேயவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு, ஒயர் லீவருக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் அட்ஜஸ்டரை வெளிப்பக்கமாகத் திருகுங்கள். ஒயர் இறுகும். அட்ஜஸ்டர் பாதிக்கு மேல் வெளியே வந்துவிட்டால் அதை நம்ப வேண்டாம், கழன்று விழலாம். அதைத் திரும்ப முழுதாக உள்ளே திருகிவிட்டு, பிரேக்கில் ஒயரைக் கவ்வும் போல்ட்டைத் தளர்த்தி, கட்டைகளைக் கையால் ரிம்மோடு அழுத்தியபடி ஒயரை இழுத்துப் பிடித்து முடுக்குங்கள். ரொம்ப இறுக்கமாகிவிட்டால் பிறகு லேசாகத் தளர்த்தலாம்.

லீவரை விட்ட பிறகும் பிரேக் மெதுவாகத்தான் திரும்புகிறதா? குற்றவாளி மூவரில் ஒருவர்: லீவர், ஒயர், பிரேக்கின் கைகள். ஒயரைப் பிரேக்கிலிருந்து கழற்றுங்கள். இப்போது பிரேக்கின் கைகளைக் கையால் அழுத்தி விடுங்கள். துள்ளித் திரும்பினால் அவை நன்றாக இருக்கின்றன. லீவரை அசைத்துப் பாருங்கள், அதுவும் இலகுவானால் மிச்சம் ஒயர்தான். ஒயரின் வெளியுறையான அவுட்டர் எங்காவது மடங்கியோ, முனை நசுங்கியோ, உள்ளே துருப்பிடித்தோ இருக்கும். எண்ணெய் விட்டால் சில நாள் ஓடும், ஆனால் துருப்பிடித்த ஒயரை மாற்றிவிடுவதே மேல். லீவருக்குள் ஒயரின் தலைப்பகுதியில் ஓர் இழை பிரிந்திருந்தாலும் அன்றே மாற்றுங்கள். ஒன்று பிரிந்தால் மற்றவையும் வரிசையில் நிற்கின்றன.

மாற்றும்போது தவறவே கூடாத ஒன்று. கியர் அவுட்டரைப் பிரேக்குக்குப் போடக்கூடாது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். பிரேக் அவுட்டரில் கம்பி சுருளாகச் சுற்றியிருக்கும், கடும் அழுத்தத்தைத் தாங்கும். கியர் அவுட்டரில் கம்பிகள் நீளவாக்கில் ஓடும். பலமாகப் பிரேக் பிடித்தால் அது பிளந்துகொண்டு ஒரு நொடியில் பிரேக்கே இல்லாமல் போய்விடும். உள் ஒயரும் வேறு: பிரேக்குக்கு 1.5 அல்லது 1.6 மி.மீ., கியருக்கு 1.1 அல்லது 1.2 மி.மீ.

டிஸ்க் பிரேக்

டிஸ்க்கில் முதல் விதி, தட்டை விரலால் தொடாதீர்கள். விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசையே பிடிப்பைக் குறைத்து, அலறல் சத்தத்தை வரவழைக்கும். தவிர, இறக்கத்தில் இறங்கி வந்ததும் அது தோலைச் சுடும் அளவுக்குச் சூடாக இருக்கும். தட்டை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால், சுத்தமான துணி கொண்டு துடையுங்கள். தட்டைக் கவ்வும் பேடில் எண்ணெய் ஊறிவிட்டால் பெரும்பாலும் அது மீளாது, புதிது வாங்குங்கள்.

இரண்டாவது, ஹைட்ராலிக் (ஒயருக்குப் பதில் திரவ அழுத்தத்தில் இயங்கும்) டிஸ்க் உள்ள சக்கரத்தைக் கழற்றி வைத்திருக்கும்போது லீவரைத் தொடாதீர்கள். நடுவில் தட்டு இல்லாததால் பேடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிறகு சக்கரம் நுழையாது. நாலாக மடித்த அட்டையை அங்கே செருகி வைப்பது நல்ல பழக்கம்.

சீராக உரசினால், பேடுகள் இருக்கும் காலிப்பரை ஃபிரேமோடு பிடிக்கும் இரண்டு போல்ட்டுகளையும் அது அசையும் அளவுக்கு மட்டும் தளர்த்துங்கள். லீவரை இறுக இழுத்துப் பிடியுங்கள், காலிப்பர் தானாகத் தட்டுக்கு நேராக வந்து நிற்கும். அப்படியே பிடித்தபடி போல்ட்டுகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக முடுக்குங்கள். ஒயர் இழுக்கும் டிஸ்க் பிரேக்குகளில் பலவற்றில் ஒரு பேட் மட்டும்தான் நகரும். அவற்றில் நகராத பேடை அதற்கான திருகால் தட்டுக்கு மிக அருகில் கொண்டுவந்துவிட்டு, மறுபக்கத்தைச் சரிசெய்யுங்கள்.

சுற்றுக்கு ஒருமுறை உரசினால் தட்டு வளைந்திருக்கிறது. காலிப்பர் இடுக்கில் வெள்ளைத்தாளைப் பின்னால் பிடித்துப் பார்த்தால் எந்த இடம் என்று தெரியும். சுத்தமான துணி சுற்றிய அட்ஜஸ்டபிள் ஸ்பேனரால் அந்த இடத்தைக் கவ்வி, மிக மென்மையாக எதிர்ப்பக்கம் வளையுங்கள். நினைத்ததில் பாதி பலம் போதும். பேடில் உராயும் பகுதி 1 மி.மீ.க்குக் கீழே போனால் மாற்றுங்கள். புதுப் பேட் போட்டதும் ஆளில்லாத இடத்தில் நடுத்தர வேகத்திலிருந்து நடக்கும் வேகம்வரை, இருபது தடவை அளவு சீராகப் பிரேக் பிடித்துப் பழக்குங்கள். அதற்கு முன் முழுப்பிடிப்பை எதிர்பார்க்க வேண்டாம்.

ஹைட்ராலிக் லீவர் பஞ்சு போல அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. காற்றை வெளியேற்றும் வேலையை முதல் தடவை தெரிந்தவர் கூட இருந்து செய்வது நல்லது. ஹைட்ராலிக் பிரேக்குகளில் மினரல் ஆயில், டாட் (DOT) திரவம் என இரண்டு வகை உண்டு: மினரல் ஆயில் பிரேக்கில் டாட் திரவத்தையோ, டாட் பிரேக்கில் மினரல் ஆயிலையோ ஒருபோதும் ஊற்றாதீர்கள். உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டுவிடும்.

சாலைக்குப் போகும் முன்

வண்டியை நிறுத்தி வைத்து ஒவ்வொரு லீவரையும் முழுபலத்தோடு பத்துத் தடவை இழுங்கள். ஒயர் நழுவுவதானால் இங்கேயே நழுவட்டும். பிறகு வண்டியைத் தள்ளியபடி நடந்து முன்பிரேக்கைப் பிடியுங்கள், பின்சக்கரம் எழும்ப வேண்டும். பின்பிரேக்கைப் பிடித்தால் பின்சக்கரம் சுற்றாமல் தரையில் இழுபட வேண்டும். அப்புறம்தான் ஏறி, காலியான சமதளத்தில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

புது ஒயர் போட்டிருந்தால் முதல் சில நாட்களில் லீவர் கொஞ்சம் இறங்கும். அவுட்டரின் முனைகள் தங்கள் இடத்தில் அமர்வதால் வரும் மாற்றம் அது, பயப்பட வேண்டாம். அட்ஜஸ்டரை ஒரு சுற்று வெளியே திருகுங்கள். அதோடு, இறுக்கிய ஸ்போக்குகளையும் அப்போது ஒருமுறை மீட்டிப் பாருங்கள். தொய்ந்து ஒலிப்பது ஏதாவது இருந்தால் இன்னொரு கால்சுற்று.